தொடாமலே கருவின் தரத்தை அறிய முடியுமா?



குழந்தைச் செல்வத்துக்காகக் காத்திருக்கும் தம்பதியரை நாம் எல்லோரும் அறிவோம். நம் உறவினரிலோ, அண்டை வீட்டிலோ, நம்முடன் வேலை செய்வோரிலோ அப்படி யாராவது இருப்பார்கள். அவர்களில் சிலர் இன்று ‘டெஸ்ட் டியூப் பேபி’ என்று ஊரார் சொல்லும் சிகிச்சையை நாடுகின்றனர். சில வாரங்கள் ஊசி போட்டு, முட்டைகளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கரு உருவான பின்பு மருத்துவர் அவர்களை அழைத்து, “உங்களுக்கு ஐந்து கரு உருவாகியிருக்கிறது. அதில் நல்ல தரமானதைத் தேர்ந்தெடுத்து வைக்கப் போகிறோம்” என்கிறார். சில இடங்களில், “இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், புதிய முறையில் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம்” என்றும் சொல்லப்படுகிறது.

நல்ல தரம் என்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றுயிரைக் கிள்ளாமலும் குத்தாமலும் அதன் தரத்தை எப்படி அறிகிறார்கள்? அந்தக் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது? நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணம் கட்டும் குடும்பங்களுக்கு இவை வெறும் விஞ்ஞானக் கேள்விகள் அல்ல. ஆகவே இந்த இதழில் இதை இயன்றவரை எளிதாக விளக்க விரும்புகிறோம்.

முற்றுப்புள்ளி அளவில் ஓர் உயிர்

முதலில் ஒரு சிறு திருத்தம். ‘சோதனைக் குழாய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதே தவிர, கரு வளர்வது குழாயில் அன்று. தட்டையான ஒரு சிறு கிண்ணத்தில், எண்ணெய்ப் படலத்தின் கீழ் இருக்கும் ஒரு சொட்டு வளர்ப்புத் திரவத்தில் அது வளர்கிறது. அந்தக் கிண்ணம் இருப்பது இன்குபேட்டர் என்னும் பெட்டியில். அதன் வெப்பம் தாயின் உடலைப் போலவே 37 டிகிரி செல்சியஸ். உள்ளே இருக்கும் காற்றும் அளந்து விடப்படுகிறது.

மனிதனின் முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவு உடையது. இந்த வரியின் இறுதியில் உள்ள புள்ளியைவிடச் சிறியது. விந்தணு சேர்ந்த மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் தெரியும். ஒன்று தாயின் பங்கு, மற்றொன்று தந்தையின் பங்கு. இரண்டும் தெரிந்தால் கருத்தரிப்பு முறையாக நடந்தது என்று பொருள். இரண்டாம் நாள் அது நான்கு செல்களாகவும், மூன்றாம் நாள் எட்டு செல்களாகவும் பிரிகிறது. நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, முசுக்கொட்டைப் பழம் போல ஒரே திரளாகின்றன. ஐந்தாம் நாள் அதன் நடுவே நீர் நிறைந்த ஓர் அறை உண்டாகிறது. இந்நிலைக்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. உள்ளே ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும் செல்களிலிருந்து குழந்தை உருவாகும். வெளிச்சுவராக அமைந்த செல்களிலிருந்து நஞ்சுக்கொடி உருவாகும். பின்னர் கரு தன் மெல்லிய ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து கருப்பையின் சுவரில் பதிகிறது.

எல்லாக் கருக்களும் இந்த ஐந்து நாள் பயணத்தை முடிப்பதில்லை. சில இரண்டாம் நாளே நின்றுவிடும், சில நான்காம் நாள் நின்றுவிடும். இது ஆய்வுக்கூடத்தின் குறை மட்டும் அன்று. இயற்கையாகக் கருத்தரிக்கும்போதும் பல கருக்கள் யாரும் அறியாமலே இப்படி நின்றுவிடுகின்றன.

தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தார். ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் பத்தாண்டு உழைப்பின் பலன் அது. அந்தத் தாயிடமிருந்து எடுக்கப்பட்டது ஒரே ஒரு முட்டை. எட்டு செல் நிலையில் அந்த ஒரே கரு கருப்பையில் வைக்கப்பட்டது. அன்று எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே எழவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் உயிரோடிருந்தவரை அவருடைய பணி ஏற்கப்படவில்லை. 1981-இல் அவர் மறைந்தார். 1986-இல் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து பணியாற்றி, அதுவரை இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை எனப்பட்ட குழந்தையின் பிறப்புக்குக் காரணமாயிருந்த டாக்டர் டி. சி. ஆனந்த் குமாரே, 1997-இல் முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, முதலிடம் அவருக்கே உரியது என்று எழுதினார்.

நாளடைவில் மருந்து ஊசிகளால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்யும் முறை பரவியது. முட்டைகள் பலவானால் கருக்களும் பலவாயின. ‘ஒன்றாவது தங்கட்டும்’ என்று மூன்றையும் நான்கையும் ஒருசேரக் கருப்பையில் வைத்தார்கள். அதன் விளைவாக இரட்டையரும் மூவரும் பிறந்தார்கள். கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் குறைமாதத்தில், குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள் வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சியின் மறுபக்கம் தெரியும். தாய்க்கும் இரத்த அழுத்தமும் இரத்தப் போக்கும் அதிகமாக நேர்ந்தன.

ஆகவே ஒரு வேளைக்கு ஒரே கருவை வைப்பதே நல்லது என்ற எண்ணம் வளர்ந்தது. மீதமுள்ளவற்றை உறைய வைத்துப் பின்னர் பயன்படுத்த முடியும் என்பது 1984-இல் ஆஸ்திரேலியாவில் உறைநிலைக் கருவிலிருந்து குழந்தை பிறந்தபோதே தெளிவாகிவிட்டது. ஒன்றுதான் வைக்கப் போகிறோம் என்றால் எதை முதலில் வைப்பது? இங்கேதான் தரம் காணும் கலைக்கு வேலை வந்தது.

விதைநெல்லைப் போல

நம் விவசாயிகள் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. உப்புக் கரைத்த நீரில் ஒரு கோழிமுட்டையை இட்டு, அது மேலே சிறிது தெரியும்படி மிதக்கும்வரை உப்பைக் கூட்டுவார்கள். பிறகு அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், திரண்ட மணி அமிழும். விதையை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும். ஆனால் உடைத்த நெல் முளைக்காதே! அதனால் விதைக்குச் சேதமில்லாமல் அதைப் பற்றி அறியும் வழியைத் தேடினார்கள்.

கருவின் விஷயத்திலும் இதே தேவைதான். கருவின் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களைக் கிள்ளி எடுத்து, அவற்றின் குரோமோசோம்களைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு நுண்ணிய கருவிகளும், லேசர் கதிரும், நல்ல தேர்ச்சியும் வேண்டும். கரு அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். செலவும் அதிகம். கருவைத் தொடாமல் அறிய முடிந்தால் எவ்வளவு நன்மை! அந்த நோக்கத்துடன் எழுந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: கண்ணால் பார்த்து மதிப்பிடுதல்

இதுவே மிகப் பழையதும் இன்றும் உலகெங்கும் அதிகமாகப் பயன்படுவதுமான வழி. குறித்த நேரத்தில் கிண்ணத்தை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். வயதுக்கேற்ற செல்கள் இருக்கின்றனவா, அவை சம அளவில் இருக்கின்றனவா, உடைந்த துணுக்குகள் எவ்வளவு இருக்கின்றன என்று கவனிக்கிறார்கள். ஐந்தாம் நாள் கருவுக்கு 1999-இல் டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்டும் வகுத்த மதிப்பெண் முறை இன்றளவும் வழக்கில் உள்ளது. கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண், குழந்தையாகும் பகுதிக்கு ஏ, பி, சி என ஓர் எழுத்து, நஞ்சுக்கொடியாகும் பகுதிக்கு மற்றோர் எழுத்து. தம்பதியரின் கையில் கொடுக்கப்படும் தாளில் ‘4ஏபி’ என்று இருந்தால் அதன் பொருள் இதுதான்.

ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவுகோல் மாறாதிருக்க, 2010-இல் இஸ்தான்புல் நகரில் வல்லுநர்கள் கூடிப் பொதுவான நெறிகளை வகுத்தனர். அவை 2011-இல் வெளியாயின. எனினும் ஒரே கருவை இருவர் பார்த்தால் இரு விதமாக மதிப்பிடுவது உண்டு. வேறொரு குறையும் உண்டு. ஒரு நாளில் ஓரிரு நிமிடம் பார்ப்பது என்பது, பள்ளிக்கு ஒரு நாள் மட்டும் வந்த கல்வி அதிகாரி ஒரு மாணவனை ஆண்டு முழுவதற்கும் மதிப்பிடுவதைப் போன்றது. அந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரியாது.

இரண்டாம் வழி: இடைவிடாமல் படம் பிடித்தல்

அந்தக் குறையைத் தீர்க்க இன்குபேட்டருக்குள்ளேயே ஒரு கேமராவை வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போல அது மங்கிய ஒளியில் படம் எடுக்கும். ஐந்து நாள் படங்களையும் சேர்த்து ஓட்டினால், கரு வளர்வதைத் திரைப்படம் போலப் பார்க்கலாம். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. வெப்பமும் காற்றும் மாறுவதில்லை.

இதனால் பல புதிய விஷயங்கள் தெரிய வந்தன. 2010-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், முதல் இரண்டு நாள்களில் செல் பிரியும் நேரங்களை அளந்தே எந்தக் கரு ஐந்தாம் நாளை எட்டும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டிக் கணிக்க முடிந்தது என்று காட்டினர். ஒரு செல் இரண்டாகப் பிரியாமல் ஒரே பாய்ச்சலில் மூன்றாகப் பிரிந்தால், அந்தக் கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் தெரிந்தது. மறுநாள் பார்க்கையில் அதுவும் மற்றவற்றைப் போலவே அழகாக இருக்கக்கூடும். கேமரா இல்லாவிட்டால் இது தெரியாமலே போயிருக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகு குழந்தைப் பிறப்பும் கூடியிருக்க வேண்டுமல்லவா? உலகெங்கும் பல மருத்துவமனைகள் அந்த நம்பிக்கையில்தான் இக்கருவிகளை வாங்கின. நம்பிக்கை சரியா என்று அறியப் பெரிய சோதனைகள் நடத்தப்பட்டன. தம்பதியரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கேமராவும் மற்றதற்குப் பழைய முறையும் என வைத்து ஒப்பிட்டார்கள். நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகளில் 1,731 தம்பதியரிடம் நடந்த சோதனை 2023-இல் வெளியானது. ஓராண்டுக்குள் கருத்தரித்துக் கரு நிலைத்தவர்கள் எல்லாப் பிரிவுகளிலும் ஏறத்தாழ பாதிப் பேர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 7 மையங்களில் 1,575 பெண்களிடம் நடந்த சோதனை 2024-இல் வெளியானது. கேமராவின் உதவியால் தேர்ந்தெடுத்தவர்களில் 33.7 சதவீதத்தினருக்கும், பழைய முறையில் தேர்ந்தெடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது, இரண்டும் ஒன்றே எனலாம்.

கேமரா பயனற்றது என்பது இதன் பொருளன்று. ஆய்வுக்கூடத்தாரின் வேலையை அது எளிதாக்குகிறது. புதியவர்களுக்குப் பயிற்சி தர உதவுகிறது. ஆனால் “இதற்குக் கூடுதல் பணம் கட்டினால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும்” என்று யாராவது சொன்னால், அதற்கு இச்சோதனைகள் சாட்சி சொல்லவில்லை.

மூன்றாம் வழி: கணினியின் கணிப்பு

படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும், அவற்றைக் கணினிக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். எந்தப் படத்தில் உள்ள கரு குழந்தையாயிற்று, எது ஆகவில்லை என்று சொல்லிக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு தானாகவே ஒரு வாய்பாட்டைக் கண்டுபிடித்துப் புதிய கருக்களுக்கு மதிப்பெண் தருகிறது.

இதையும் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 14 மருத்துவமனைகளில் 1,066 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. கணினி தேர்ந்தெடுத்த பிரிவில் 46.5 சதவீதத்தினரும், மனிதர் தேர்ந்தெடுத்த பிரிவில் 48.2 சதவீதத்தினரும் கருவுற்றனர். மனிதக் கண்ணுக்குக் கணினி எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்று அச்சோதனையால் நிறுவ முடியவில்லை. ஆனால் நேரத்தில் பெரிய மிச்சம் இருந்தது. மனிதர் மூன்றரை நிமிடம் எடுத்துக்கொண்ட வேலையைக் கணினி இருபது வினாடி அளவில் முடித்தது. ஆள் குறைவான ஆய்வுக்கூடங்களுக்கு இது நாளை உதவக்கூடும்.

நான்காம் வழி: உண்ட மிச்சத்தைச் சோதித்தல்

விருந்து முடிந்த பின் இலையைப் பார்த்தே யார் நன்றாகச் சாப்பிட்டார், யார் தொடாமல் வைத்தார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கருவின் ‘இலை’ அது மிதந்திருந்த திரவத்துளி. அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருந்தது என்பது முன்பே தெரியும். கருவை வேறு துளிக்கு மாற்றிய பின் பழைய துளியைச் சோதித்தால், கரு எதை உண்டது, எதை வெளியேற்றியது என்று கணக்கிடலாம். கருவைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இத்துறையில் முன்னோடியானவர் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி லீஸ். பைருவேட், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் ஆகியவற்றைக் கரு எப்படிப் பயன்படுத்துகிறது என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் பல ஆண்டுகள் அளந்தனர். நிறைய உண்ணும் கருதான் ஆரோக்கியமானது என்று நாம் எண்ணுவோம். ஆனால் 2002-இல் லீஸ் அதற்கு மாறான ஒரு கருத்தை முன்வைத்தார். நலமான கரு அமைதியாக இருக்கும், அளவோடு உண்ணும். சேதத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் கருதான் அதிகம் உண்ணும் என்றார். இது ‘அமைதியான கரு’க் கருத்து எனப்படுகிறது. குளுக்கோஸை அதிகம் எடுக்கும் கருவே வலுவானது என்று கண்ட ஆய்வுகளும் உள்ளன. எனவே இவ்வழியில் இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

ஒரு காலத்தில், திரவத்துளியின் மேல் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திச் சில நிமிடங்களில் மதிப்பெண் தரும் கருவி பெரும் நம்பிக்கையை ஊட்டியது. சுவீடனிலும் நெதர்லாந்திலும் அதைக் குலுக்கல் முறையில் சோதித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான கண் மதிப்பீட்டுடன் அதைச் சேர்த்துக்கொண்டதால் கருத்தரிப்பு கூடவில்லை.

ஐந்தாம் வழி: திரவத்தில் மிதக்கும் டி.என்.ஏ.

மனித செல் ஒவ்வொன்றிலும் 23 ஜோடியாக 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கரு தங்குவதில்லை, அல்லது கலைந்துவிடுகிறது. தாயின் வயது ஏற ஏற இந்தக் குறைபாடு கூடுகிறது. நாற்பதைக் கடந்த பெண்களின் கருக்களில் பாதிக்கும் அதிகமானவற்றில் இது காணப்படுகிறது. அழகாகத் தோன்றும் கருவிலும் இக்குறை இருக்கலாம் என்பதே கண் மதிப்பீட்டின் பெரிய எல்லை.

கரு வளரும்போது அதன் டி.என்.ஏ.வின் சிறு துணுக்குகள் திரவத்தில் உதிர்கின்றன. அவற்றைச் சேகரித்துப் பெருக்கிப் படித்தால் செல்லைக் கிள்ளாமலே குரோமோசோம்களை அறியலாம் அல்லவா? கடந்த பத்தாண்டுகளில் இம்முயற்சி வேகமாக வளர்ந்துள்ளது. 1,301 கருக்களைக் கொண்டு பல நாட்டு மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. திரவத்தின் முடிவும் கிள்ளி எடுத்த செல்லின் முடிவும் 78.2 சதவீதக் கருக்களில் ஒத்திருந்தன.

ஐந்தில் நான்கு என்பது நல்ல எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மீதமுள்ள ஐந்தில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முட்டையைச் சுற்றியிருக்கும் தாயின் செல்கள் முழுமையாக நீங்காவிட்டால், திரவத்தில் இருப்பது தாயின் டி.என்.ஏ.வாக இருந்துவிடும். அப்போது தாயைப் படித்துவிட்டுக் கருவைப் படித்ததாக எண்ணிவிடுவோம். உதிரும் துணுக்குகள், கரு தானே விலக்கித் தள்ளிய பழுதான செல்களிலிருந்தும் வந்திருக்கலாம். இத்தாலியில் குரோமோசோம் கலப்பு இருப்பதாகச் சோதனை சொன்ன கருக்களை 18 பெண்களுக்கு வைத்ததில் நலமான 6 குழந்தைகள் பிறந்தன என்ற செய்தி 2015-இல் வெளியாகி மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தது. அந்த ஆறு கருக்களும் வேறோர் இடத்தில் ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்.

நாம் மறந்துவிடும் உண்மை

இத்தனை நுட்பமான வழிகள் இருந்தும் குழந்தைப் பிறப்பு ஏன் கூடவில்லை? காரணம் எளியது. தேர்வு என்பது இருப்பதில் வரிசை அமைப்பதே தவிர, இருப்பதை மேம்படுத்துவது அன்று. சல்லடை நெல்லைப் பிரிக்கும், பதரை நெல்லாக்காது.

ஒரு தம்பதியருக்கு நான்கு கருக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று குழந்தையாகக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் உறைய வைத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால், முதலிலோ கடைசியிலோ அந்த ஒன்று வந்தே தீரும். சரியான சோதனை செய்தால் அது முதலிலேயே வரும். காத்திருப்பும், கருக்கலைவின் துயரமும் குறையும். இது நல்ல பயனே, மறுப்பதற்கில்லை. ஆனால் மொத்தப் பலன் ஒன்றுதான். மாறாக, சோதனை தவறாகச் சொல்லி அந்த ஒரு கருவையே ஒதுக்கிவிட்டால்? அப்போது சோதனை செய்யாதிருந்ததே நலமாக இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. சீனாவில் நல்ல கருக்கள் மூன்றேனும் இருந்த 1,212 பெண்களிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியானது. ஒரு பிரிவில் செல்லைக் கிள்ளிச் சோதித்து வைத்தார்கள். மற்றதில் கண்ணால் மட்டும் பார்த்து வைத்தார்கள். சோதித்த பிரிவில் 77.2 சதவீதத்தினருக்கும், சோதிக்காத பிரிவில் 81.8 சதவீதத்தினருக்கும் முடிவில் குழந்தை பிறந்தது. வயது கூடியவர்களுக்கும், மீண்டும் மீண்டும் கரு கலைந்தவர்களுக்கும், குடும்பத்தில் குறிப்பிட்ட பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். அதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் ‘எல்லோருக்கும் சோதனை’ என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

சட்டமும் மனச்சாட்சியும்

குரோமோசோமைப் படிக்கும் எந்தச் சோதனையும், அது தொடாமல் செய்வதாயினும், ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு 2003-இல் வந்த திருத்தமும், கருத்தரிப்புக்கு முன்போ பின்போ பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதைக் குற்றமாக்கியுள்ளன. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. சோதனை எளிதாக ஆக இந்தச் சட்டத்தின் தேவையும் கூடுகிறது. பெண் சிசுக்களை இழந்த வேதனையை அறிந்த மாநிலம் நம்முடையது. இதில் நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

எஞ்சிய கருக்களை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. கிறிஸ்தவர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987-இல் வெளியிட்ட அறிக்கையில் உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்வதையே ஏற்கவில்லை. வேறு பல சபையினர், கணவன் மனைவியின் கருவாயிருந்து ஒன்றையும் வீணாக்காமல் பயன்படுத்தினால் ஏற்கலாம் என்கின்றனர். முடிவு எதுவாயினும், முட்டைகளை எடுப்பதற்கு முன்பே கணவனும் மனைவியும் இதைப் பற்றிப் பேசித் தெளிவது நல்லது. பின்னர் பேசுவது மிகவும் கடினம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்களை நம்பி யோசனை கேட்கும் தம்பதியர் இருந்தால், பின்வரும் கேள்விகளை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

1. இந்தக் கூடுதல் சோதனையால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று குலுக்கல் முறைச் சோதனைகளில் தெரிந்திருக்கிறதா? ‘கரு நன்றாகத் தெரியும்’ என்பதும் ‘குழந்தை பிறக்கும்’ என்பதும் ஒன்றல்ல.

2. எங்கள் வயதுக்கும் எங்கள் நிலைக்கும் அது பொருந்துமா?

3. சோதனையில் சரியில்லை என்று வரும் கருவை என்ன செய்வீர்கள்? எங்களைக் கேட்காமல் அழிப்பீர்களா?

4. எங்களுக்கு இருப்பதே ஒன்றிரண்டு கருக்கள் என்றால், தேர்வு செய்ய என்ன இருக்கிறது?

5. அதே பணத்தைச் சேமித்து வைத்தால், உறைய வைத்த கருவை இன்னொரு முறை வைக்க உதவுமா?

இவற்றுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காரணம் சரியாகக் கண்டறியப்பட்டதா? உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அதில் ஆணின் பங்கும் பெரியது. எளிய விந்துப் பரிசோதனையைக்கூடச் செய்யாமல் மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு மருத்துவமனை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். தைராய்டுக் கோளாறும் நீரிழிவும் மறைந்திருக்கலாம். இவற்றைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையுள்ள மருத்துவர் போதும்.

நண்பர்களே, அன்னாளின் கண்ணீரைப் பற்றிச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவளைக் குத்திப் பேசியவளையும், அவள் மனநோவைக் குடிவெறியென்று தவறாக எண்ணியவரையும் அறிவோம். குழந்தையில்லாதவர்களிடம் “எத்தனை வருஷம் ஆச்சு?” என்று கேட்பதை நிறுத்துவதும், சிகிச்சை தோற்ற வாரத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு வேளை உணவு கொண்டு போவதும் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை. கருவைத் தொடாமல் அறியும் ஆராய்ச்சி இன்னும் வளரட்டும், நாளை அது உறுதியான பலனையும் தரட்டும். அதுவரை, உறுதியாகாததை உறுதி என்று சொல்லி ஏழைத் தம்பதியரின் கடைசி நகையும் அடகுக் கடைக்குப் போகாதபடி, தெரிந்ததைத் தெரிந்த அளவில் அவர்களுக்குச் சொல்வது நம் கடமை. இந்தப் பக்கங்களைப் படித்து முடித்ததும், தேவைப்படும் ஒருவரிடம் கொடுங்கள். அதுவே எங்கள் வேண்டுகோள்.